முதுகுக்கு ஓர் ஆள்

ஐம்பதைத் தாண்டியவள், நாலு புத்தகம் படித்தவள், வேலை பார்த்த காலத்தில் அலுவலகத் தீப்பயிற்சிக்குப் பொறுப்பாளராகக்கூட இருந்தவள். இத்தனை தகுதிகளோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலேசியாவில், கிள்ளானில் என் அடுக்குமாடி வீட்டு ஹாலில், கழுத்திலிருந்து இடுப்புவரை சாம்பல் நிற டேப்பால் என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டு, மேசைமேல் இருந்த கத்தரிக்கோலைக் கண்ணால் மட்டும் பார்த்தபடி நின்றிருக்கிறேன். திருடன் வந்து கட்டிப்போட்டிருந்தாலாவது அதில் ஒரு கௌரவம் இருந்திருக்கும்.

எல்லாம் ஒரு ப்ளவுஸுக்காக.

நம் பெண்கள் தையல்காரரிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பது அபூர்வம். அளவு ப்ளவுஸைத்தான் கொடுப்போம். என்றைக்கோ நன்றாக உட்கார்ந்த பழைய ப்ளவுஸ் ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டுபோய், "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அது நைந்துபோனால் அதைப் பார்த்துத் தைத்த இன்னொன்று அளவு ப்ளவுஸாகப் பதவி உயரும். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்து எழுதியவர்கள் ஆளுக்கொரு பாடபேதத்தை விட்டுப்போனதைப் போல, கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் என் ப்ளவுஸைப் பெயர்த்தவர்கள் அவரவர் பங்குக்குச் செய்தார்கள். தோளில் ஒரு வரி விட்டுப்போனது. அக்குளில் ஓர் இடைச்செருகல் நுழைந்தது. மூல ஆசிரியரான என் உடம்போ, யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்கு வேறு நூல் எழுதிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் பொருட்படுத்தாமல்தான் இருந்தேன், அண்ணன் மகளின் நிச்சயதார்த்த வீடியோ குடும்பக் குழுவில் வந்து விழும்வரை. கேமராக்காரர் மண்டபத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறார். எல்லோரும் திரும்பிச் சிரிக்கிறார்கள், கை காட்டுகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு முன்னால் ஒரு முதுகு மட்டும் தட்டோடு தனியாக நிற்கிறது. ப்ளவுஸ் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தொங்கி, உள்ளாடைப் பட்டை நன்றாக வெளியே தெரிகிறது. யாரென்று ஒரு கணம் யோசித்தேன். புடவை என்னுடையதாக இருந்தது.

அதைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். வீட்டில் இன்னோர் ஆள் இருக்கிற பெண்கள் கிளம்பும்போதே, "நில்லு, பின்னால தெரியுது" என்று யாராவது இழுத்துவிடுவார்கள். அந்த முதுகைப் பார்த்தால், இந்தப் பெண்ணை யாரும் பார்த்து அனுப்பவில்லை என்பது ஊருக்கே தெரியும். கல்யாண விருந்துக்காவது அப்படிப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். யாரோ ஒருத்தர் முன்னும் பின்னும் பார்த்து அனுப்பிவைத்த ஆள்போல அந்த மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

தையல் மிஷின் வீட்டில் இருந்தது. தலையணை உறை தைத்துப் பழகியிருந்தேன். தலையணைக்கு முன், பின் கிடையாது என்பதால் அதில் நான் தோற்றதில்லை. ப்ளவுஸ் அப்படி இல்லை. முன்பக்கத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும். முதுகில் குண்டூசி குத்திப் பார்க்க ஆள் வேண்டும். ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருப்பதாக இணையம் சொன்னது. பழைய டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் உடம்போடு ஒட்ட டேப் சுற்றி, முதுகில் நேராக வெட்டிக் கழற்றி, பிறகு ஒட்டி உள்ளே பஞ்சு அடைத்தால் உங்கள் அளவிலேயே ஒரு தையல் பொம்மை தயார். காணொளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கைகளை விரித்து நிற்க, இன்னொருத்தி சிரித்துச் சிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். தேவையான பொருட்கள் என்று வரிசையாகக் காட்டினார்கள்: டி-ஷர்ட், டேப், கத்தரிக்கோல், ஒரு தோழி. நாலும் ஒரே கடையில் கிடைக்கும் என்பதுபோல.

என் பிழைப்பு என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதங்களையும் கொசு ஒழிப்புத் துண்டறிக்கைகளையும் வீட்டிலிருந்தபடியே தமிழாக்கித் தருகிறேன். "உதவிக்கு ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளவும்" என்ற வாக்கியத்தைப் பலமுறை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத வாக்கியம் என்றுதான் அதைப் பற்றி நினைத்திருந்தேன்.

இருந்தாலும் முதலில் முறைப்படி ஆள் தேடினேன். சுபாங் ஜெயாவில் இருக்கும் பழைய அலுவலகத் தோழிக்குச் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் பதில் வந்தது: "அடுத்த வாரம் பாக்கலாம் லா." கூடவே இரண்டு கரடிகள் கட்டிப்பிடித்துக்கொள்ளும் படம். அவளுடைய அடுத்த வாரத்தை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அது எப்போதும் அடுத்த வாரமாகவே இருக்கும்.

பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அண்ணியை அழைத்தேன்.

"டேப்பா? எங்கயாச்சும் விழுந்துட்டியா?"

"விழல அண்ணி. பொம்மை ஒண்ணு செய்யணும். என் உருவத்துல, என் அளவுக்கு."

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும்மா சொன்னா உனக்கு இதெல்லாம்?"

"வீடியோல பாத்தேன்."

"வீடியோலயே போடறானுங்களா? இங்க பாரு, யாரு உனக்கு என்ன செஞ்சு வெச்சிருந்தாலும் சரி, நீ திருப்பிச் செய்யாதே. ஊசி கீசி குத்தறேன்னு சொல்லுவானுங்க. பாவம்மா. பத்துமலைக்குப் போயி ஒரு அர்ச்சன பண்ணு, போதும்."

நான் செய்வினைக்குப் பொம்மை செய்யவில்லை, தையலுக்குத்தான் என்று புரியவைக்கச் சிறிது நேரம் ஆனது. ஊசி குத்தத்தான் போகிறேன் என்பதால் விளக்கம் சிக்கலாகவும் இருந்தது.

"அட, ப்ளவுஸுக்கா? இங்க கடைக்குக் கடை ரெடிமேட் தொங்குது, ஒண்ணு வாங்கிக்கயேன். கல்யாண வேல தலைக்கு மேல கெடக்கு, நீ வேற."

அண்ணியின் மேல் தப்பில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் நாத்தனாரின் முதுகுக்கு முன்னுரிமை கிடைக்காது.

ஹார்ட்வேர் கடையில் டேப் கேட்டேன். கடைக்காரர், "பைப்பா அக்கா, கூரையா?" என்றார். கூரை என்றேன். "எங்க ஒழுகுது?" என்றார். பின்பக்கம் என்றேன். "பின்பக்கம்னா நீங்களே ஏறாதீங்க, ஆள வெச்சு செய்யுங்க" என்றார். ஊரே சேர்ந்துகொண்டு அந்த ஒரே அறிவுரையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் கூடித் துப்புரவு செய்த கோத்தோங்-ரோயோங் நாளில் இலவசமாகக் கொடுத்த டி-ஷர்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு டி-ஷர்ட்டை வாங்கிக்கொண்டு துடைப்பத்தைத் தொடாமல் மேலே வந்துவிட்டேன் என்பதால் அது புதிதாகவே இருந்தது. முன்பக்கம் சுலபமாக முடிந்தது. பின்பக்கத்துக்கு டேப் உருளையைத் தோளுக்கு மேலே எறிந்து இடுப்பருகில் பிடித்துப் பார்த்தேன். அது சோபாவுக்கு அடியில் போனது. பிறகுதான் அந்த யோசனை வந்தது. டேப் உருளையை அலமாரிக் கைப்பிடியில் மாட்டி, நுனியை என்மேல் ஒட்டிக்கொண்டு நான் சுற்றினால் என்ன? கோயிலில் ஆத்மப் பிரதட்சணம் செய்வதுபோல நின்ற இடத்தில் சுற்றினேன். டேப் மிக ஒழுங்காக ஏறியது. தோளின் வளைவும் வேண்டுமே என்று கைகளைத் தொங்கவிட்டு மேலேயும் இரண்டு சுற்று போனேன். அதோடு முழங்கைக்கு மேலே என் கைகள் என்னுடையவை அல்ல என்று ஆகிவிட்டன.

மூச்சு பாதிதான் உள்ளே போனது. கத்தரிக்கோலைப் பிடித்தாலும் முதுகுக்குக் கொண்டுபோக முடியாது. ஃபோன் மட்டும் விரலுக்கு எட்டியது. ஆனால் யாரை அழைப்பது? அண்ணியிடம் சொன்னால் கல்யாண வீடே பூசாரியோடு கிளம்பி வரும். சுபாங் ஜெயா தோழி அடுத்த வாரம் வருவாள். பெயர்களை மேலே தள்ளிக்கொண்டே போனேன். கேஸ்காரர், பல் டாக்டர், மொழிபெயர்ப்பு நிறுவனம், தண்ணீர்க் குழாய் சரிசெய்பவர். டேப் சுற்றிய நிலையில் என்னைப் பார்க்கலாம் என்று நான் அனுமதிக்கக்கூடிய ஒருவர்கூட அதில் இல்லை. ஃபோனை வைத்துவிட்டேன்.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் ஷிஃப்ட் வேலை. கணவர் லோரி ஓட்டுபவர், வீட்டில் இருப்பதைவிட சாலையில் இருப்பது அதிகம். லிஃப்டில் பார்த்தால் "சாப்டாச்சா அக்கா?" என்பாள், நான் "ஆச்சும்மா" என்பேன். எங்கள் பழக்கம் லிஃப்ட் தரைக்கு இறங்கும்வரைதான். அவள் வீட்டு மணியை மூக்கால் அழுத்தினேன்.

கதவைத் திறந்தவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அக்கா! யாரு கட்டுனா? போலீஸ கூப்பிடவா?"

"வேணாம்மா. நானேதான்."

"நீங்களேவா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கு வழியாக வந்துவிட்டது. "என்ன லா அக்கா இது? கடையில நாசி தாப்பாவ் பண்ற மாதிரி உங்களையே தாப்பாவ் பண்ணி வெச்சிருக்கீங்க!"

கடைச் சோற்றைப் பார்சல் கட்டுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். அதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் எனக்குக் கிடைத்திருக்காது.

என் வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து முதுகுத்தண்டை ஒட்டி வெட்டினாள். "அசையாதீங்க அக்கா, அப்புறம் தையல் உங்களுக்குத்தான் போடணும்." கூடு திறந்ததும் மூச்சு வந்தது. கழற்றியதை மேசையில் வைத்து இருவரும் பார்த்தோம். இடுப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. தபால்பெட்டி மாதிரி இருந்தது.

"இது எதுக்கு?"

சொன்னேன். அண்ணியைப்போல அவள் பயப்படவில்லை. "அப்ப இது வேலைக்காவாது. டேப்பு மிச்சம் இருக்கா? வேற டி-ஷர்ட் போட்டுக்கிட்டு நில்லுங்க, நான் சுத்துறேன்."

"உனக்கென்ன, போர்ட்ல வேலை. பெட்டி கட்டிப் பழக்கம் இருக்கும்."

"நான் ஆபீஸ்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல ஃபாரம் அடிக்கிறவ அக்கா. போர்ட்னா எல்லாரும் பெட்டி தூக்குவோம்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

உண்மையிலேயே அவளுக்கும் சுற்றத் தெரியவில்லை. ஒரு துண்டு கோணலாகப் போனது, ஒரு துண்டு அவள் முடியில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு துண்டையும் ஒட்டியபின் உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள். தோளிலிருந்து இடுப்புவரை, சுருக்கம் இல்லாமல், மெதுவாக. என் முதுகில் இன்னொருவர் கை பட்டு எத்தனை காலம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற இடத்தில் விட்டுவிட்டேன். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு கவனமாகப் பார்க்கும்படி அந்தத் தொட்டியில் ஒன்றும் இல்லை.

"நேரா நில்லுங்க அக்கா."

"நேராத்தான் நிக்கிறேன்."

"இதான் நேராவா?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "சரி, இப்படியே இருக்கட்டும், உங்க அளவுதானே" என்றாள்.

மறுபடி வெட்டிக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். தேநீர் போடுகிறேன் என்று நான் சொன்னது கதவு சாத்திய பிறகு.

பஞ்சுக்குப் பதில் அலுவலகம் போன காலத்துப் பழைய துணிகளை எல்லாம் உள்ளே திணித்தேன். ஓடாமல் கிடந்த நின்றபடி சுழலும் மின்விசிறியின் தண்டில் பொம்மையைச் செருகினேன். என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி வைத்தேன்.

வலது தோள் இடதைவிட இறங்கியிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு சின்ன மேடு. நடுவில் லேசான கூன், மழையில் குடையில்லாமல் ஓடுகிறவள் தலையைக் குனிந்துகொள்வதுபோல. கிள்ளானில் என்னைக் கடந்து போன அத்தனை பேரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். நான்தான் பார்த்ததில்லை. தையல்காரர்களைத் திட்டியதை எல்லாம் மனசுக்குள் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுவதும் அல்ல.

பொம்மை வந்தால் வீட்டில் இரண்டு பேர் இருப்பதுபோல ஆகிவிடும் என்று ஒருவர் நினைக்கலாம். ஆகவில்லை. நான் தனியாள் என்பதை யாரோ இரண்டு தடவை சொன்னதுபோல ஆயிற்று. மேசையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நிமிர்ந்தால், ஜன்னலைப் பார்த்தபடி என் முதுகு நின்றுகொண்டிருக்கும். வழியில் இருந்தால் "நகரு" என்பேன். பிறகு நானே தூக்கி நகர்த்துவேன்.

லிஃப்டில் எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்தபோது "பொம்ம எப்படி இருக்கு அக்கா?" என்றாள். நல்லா இருக்கு என்றேன். "சாப்டுச்சா?" என்றாள். லிஃப்ட் தரைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் காரக்குழம்பைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, கிண்ணத்தில் ஊற்றி மூடியும் போட்டேன். அவள் எந்த ஷிஃப்டில் இருக்கிறாளோ, தூங்குகிறாளோ என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு மறுநாள் நானே சாப்பிட்டு முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ப்ளவுஸ் விஷயத்தில் பொம்மை தன் கடமையைச் செய்தது. பட்டுப்புடவையோடு வந்த துணியில் நெஞ்சுப் பகுதிக்கென்று பெரிய மாங்காய் ஒன்றை ஜரிகையில் நெய்திருந்தார்கள். அதை நடுவில் வெட்டினால் பாவம் என்று திறப்பைப் பின்பக்கம் வைத்தேன். இறங்கிய தோளுக்கு ஒரு பிடிப்பு, கூனுக்கு ஒரு சின்ன மடிப்பு. பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். கடைசியில் பொம்மைக்குப் பின்னால் நின்று ஹூக்குகளை மேலிருந்து கீழே மாட்டியபோது அவை அலமாரி இழுப்பறைபோல வழுக்கி மூடின. ஒரு சுருக்கம் இல்லை. கைதட்ட வேண்டும்போல இருந்தது. பொம்மைக்குக் கை வைக்காதது குறையாகத் தெரிந்தது.

கல்யாண விருந்து அன்று மத்தியானம், ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு ஹூக்கைத் தேடிக் கைகளைப் பின்னால் கொண்டுபோனேன். அப்போதுதான் விளங்கியது. இத்தனை வாரமும் பொம்மைக்குப் பின்னால் நின்றிருந்தது நான். எனக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை.

தெரியாத விஷயமும் அல்ல. வீட்டில் கணவர் என்று ஒருவர் இருந்த காலத்தில் எனக்குப் பின்ஹூக் ப்ளவுஸ்கள் இருந்தன. தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மாட்டிவிடுவார், அதில் அவருக்கு ஒரு திறமை உண்டு. அவர் பிரிந்துபோன பிறகு எல்லாவற்றையும் முன்ஹூக்காக மாற்றித் தைக்கக் கொடுத்தேன். பிரிவைப் பற்றி நான் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னேன் என்றால் அது அந்தத் தையல்காரரிடம்தான். அவரும் "முன்னாடியா, சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ப்ளவுஸை முன்பின்னாகப் போட்டு, ஹூக்கை மாட்டிவிட்டு, உடம்பைச் சுற்றித் திருப்பப் பார்த்தேன். சரியாக அமைந்த ப்ளவுஸ் திரும்பாது. என் வேலையின் தரத்தை நான் அறிந்துகொண்டது அப்படித்தான்.

பழைய ப்ளவுஸ் ஒன்று அலமாரியில் இருந்தது, நிறமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அதைப் போட்டுக்கொண்டு போய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிட்டு வரலாம். அல்லது எதிர் வீட்டுக் கதவைத் தட்டலாம். முதல் தடவை போனபோது மூச்சு முட்டியது, வேறு வழியில்லை. அதை உதவி கேட்டதாகச் சேர்க்க முடியாது. இப்போது எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கை எட்டவில்லை, அவ்வளவுதான். கை எட்டவில்லை என்று போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதை ஹாலில் நடந்து நடந்து கண்டுபிடித்தேன். பழைய ப்ளவுஸை எடுத்தேன். மடித்து உள்ளே வைத்தேன். மறுபடி எடுத்தேன். பிறகு இடுப்பில் கட்டியிருந்த புடவையின் தலைப்பை அள்ளித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, எதையும் யோசிப்பதற்குள் வெளியே போய் மணியை அழுத்தினேன். இந்தத் தடவை விரலால்.

தலையில் எண்ணெயோடு, தூக்கக் கலக்கத்தில் திறந்தாள்.

"மறுபடியும் டேப்பா?"

"இல்லம்மா. ஹூக்கு. கை எட்டல."

"திரும்புங்க."

வாசலிலேயே திரும்பி நின்றேன். ஒவ்வொன்றாக மாட்டினாள். பட்டையை உள்ளே தள்ளினாள். கேட்காமலேயே தலைப்பை வாங்கி, தோள் மடிப்பை எடுத்து, தன் நைட்டியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். கொசுவத்தைக் குனிந்து இழுத்துவிட்டாள்.

"நில்லுங்க. சுத்துங்க ஒரு தடவ."

சுற்றினேன். அவள் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, முன்னும் பின்னும் பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அக்கா. போய்ட்டு வாங்க."

வரேன்மா என்றேன். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, முதுகை எவ்வளவு நேராக்க முடியுமோ அவ்வளவு நேராக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போனேன். கதவு மூடத் தொடங்கியபோது நடைக்கோடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"அக்கா! ராத்திரி வந்து யாரு கழட்டிவிடுவா? எனக்கு இன்னிக்கி நைட் ஷிஃப்ட் லா!"